தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்: ஜானகி ஆதி நாகப்பனும் ஜான்சி ராணிப் படையும்

வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். பிறந்தார், படித்தார், போராடினார், விருது பெற்றார், மறைந்தார். ஐந்து பத்தி, கட்டுரை முடிந்தது. எழுத்துப் பிழை இல்லாவிட்டால் மதிப்பெண்ணும் ஓரளவு கிடைத்துவிடும். ஆனால் அந்த மனிதர் ஏன் அப்படி முடிவெடுத்தார், அவரோடு இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் பிள்ளைகளிடம் பதில் இருக்காது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடம் தரும் வாழ்க்கை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து, அதன் துணைத் தளபதியாக உயர்ந்து, பின்னர் மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவை வரை சென்ற ஜானகி ஆதி நாகப்பனின் வாழ்க்கை அது.

அவரைப் பற்றி எழுதும்போது, அவர் பின்னால் அணிவகுத்து நின்ற தோட்டத்துப் பெண்களையும் விட்டுவிடக் கூடாது. நீலாய், லாபு, பத்தாங் பெனார் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள்தான் நெருங்கிய சொந்தம்.

பிறப்பும் அழைப்பும்

ஜானகி 1925 பிப்ரவரி 25-ஆம் நாள் பிறந்தார். கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பம். ஜானகி தேவர் என்பது திருமணத்துக்கு முந்தைய பெயர். பழைய பதிவுகளில் இந்தப் பெயர்தான் இருக்கும். மாணவர்கள் இதை இன்னொருவர் பெயர் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அசைக்கவே முடியாது என்று நம் தாத்தா பாட்டிமார் நினைத்திருந்த வெள்ளைக்கார ஆட்சி பத்து வாரத்தில் சரிந்துபோனது. ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு இந்திய தேசிய இராணுவம் உருவானது. 1943 ஜூலை 2-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 4-இல் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ராஷ் பிகாரி போஸ் அவரிடம் ஒப்படைத்தார். ஜூலை 9-இல் சிங்கப்பூர் பாடாங் திடலில் பெருங்கூட்டம் ஒன்று நடந்தது. ஆண்கள் மட்டும் போதாது, பெண்களும் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்று போஸ் அங்கே அறிவித்தார். 1858-இல் ஆங்கிலேயரோடு போரிட்டு மாண்ட ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயரையே அந்தப் படைக்கு வைத்தார்.

அதே ஆண்டு போஸ் கோலாலம்பூருக்கும் வந்தார். அந்தக் கூட்டத்தைக் கேட்கச் சென்றவர்களில் ஜானகியும் ஒருவர். நாட்டுக்காக உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்ற வேண்டுகோளைக் கேட்டதும் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு கணக்கு. அப்போது அவருக்குப் பதினாறு வயது என்று பல கட்டுரைகளில் இருக்கும். 1925-இல் பிறந்தவருக்கு 1943-இல் வயது என்ன? பதினெட்டு. ஒரு கட்டுரையில் இருப்பதை இன்னொரு கட்டுரை அப்படியே எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். பிறந்த ஆண்டும் நிகழ்வு ஆண்டும் கையில் இருந்தால் வயதை நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

அப்பாவின் கையெழுத்து

தோட்டைக் கொடுத்தது ஒரு நொடிச் செயல். படையில் சேர்வது அப்படி இல்லை. விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பம், வயதுக்கு வந்த பெண், காக்கிச் சட்டை, முகாம் வாழ்க்கை! வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அப்பா கடுமையாக எதிர்த்தார். படைக்குத் தலைமை ஏற்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதனே பேசிய பிறகுதான் கையெழுத்து கிடைத்தது.

டாக்டர் லட்சுமியைப் பற்றியும் இரண்டு வரி. 1914-இல் சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940-இல் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவம் பார்த்தவர். 1943 ஜூலை 12-இல் இருபது பெண்களைத் துப்பாக்கியோடு நிறுத்திப் போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செய்து காட்டினார். சேலை கட்டிய பெண்கள் கனத்த 303 ரகத் துப்பாக்கியைத் தூக்கி நின்ற அந்தக் காட்சியிலிருந்துதான் படை தொடங்கியது என்று சொல்லலாம். பிறகு மலாயாவின் ஊர்களுக்குச் சென்று பெற்றோரிடமும் பெண்களிடமும் பேசி ஆள் சேர்த்தார். சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு 1943 அக்டோபர் 21-இல் அறிவிக்கப்பட்டபோது அதில் இடம்பெற்ற பெண் அமைச்சரும் இவரே.

அடுத்த நாள், அக்டோபர் 22-இல், சிங்கப்பூரில் பெண்கள் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

முகாமில் ஒரு நாள்

விடியுமுன் எழ வேண்டும். உடற்பயிற்சி, அணிநடை, துப்பாக்கி சுடுதல், துப்பாக்கி முனைக் கத்திப் பயிற்சி, நெடுநடை, வரைபடம் பார்த்தல். செவிலியர் பயிற்சி தனிப் பிரிவாக நடந்தது. கட்டளைச் சொற்கள் இந்துஸ்தானியில். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். இந்துஸ்தானி அவர்களுக்குப் புதிய மொழி. அதை ரோமன் எழுத்தில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வீட்டில் செல்வமாக வளர்ந்த ஜானகிக்கு முதலில் முகாம் ஒத்துவரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, கடுமையான ஒழுங்கு பழகவில்லை. ஆனாலும் ஊருக்குத் திரும்பவில்லை. மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார், பொறுப்புகள் வந்தன, அதிகாரியானார். சில மாதங்களிலேயே படையின் துணைத் தளபதி என்ற நிலைக்கு வந்துவிட்டார். பதின்ம வயது தாண்டாத ஒரு பெண் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு உத்தரவிடும் இடத்தில் நின்றார்.

ஜப்பானிய அதிகாரிகளுக்கு இந்தப் படை பிடிக்கவே இல்லை. பெண்களுக்குத் துப்பாக்கி எதற்கு, தோட்டா வீண் என்பது அவர்கள் எண்ணம். ஆயுதம் தருவதற்கும் இடம் தருவதற்கும் தயங்கினார்கள். போஸ் விடாப்பிடியாக நின்றதால்தான் படை உருவானது.

தோட்டத்துப் பெண்கள் ஏன் சேர்ந்தார்கள்?

இங்கேதான் கட்டுரை எழுதுகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டும். படையில் சேர்ந்த சாதாரணச் சிப்பாய்களில் பலர் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் அவர்களில் இருந்தனர். "பார்க்காத நாட்டுக்காக யாராவது சாகப் போவாங்களா டீச்சர்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நாட்டுப்பற்று என்ற ஒற்றைச் சொல்லில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.

போருக்கு முந்தைய தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். இருட்டிலேயே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார். வேலை ஒன்றே என்றாலும் கூலி ஒன்றல்ல. அரசு நிர்ணயித்த கூலியிலேயே ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைவு. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, இப்படி இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. சம்பளத்தோடு சேர்த்து மானத்தையும் கேட்டார்கள். அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அதற்குப் பிறகு ஜப்பான்காரன் காலம். ரப்பர் ஏற்றுமதி நின்றது, வேலை போனது, அரிசி போனது, மரவள்ளிக்கிழங்கே சோறானது. பல்லாயிரம் தோட்டத்து ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. ஆண்துணை இழந்த லயங்களில் இளம்பெண்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்? பசி, பயம், ஜப்பானியச் சிப்பாய் வந்துவிடுவானோ என்ற அச்சம்.

அந்த நிலையில் ஒரு முகாம் சோறு போடுகிறது, உடை தருகிறது, பாதுகாப்புத் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, நீ ஒரு வீராங்கனை என்று பெயர் சொல்லி அழைக்கிறது. பெரட்டிலும் பெயர் கூப்பிட்டார்கள், முகாமிலும் பெயர் கூப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றா? நாட்டுப்பற்று, பசி, பாதுகாப்பு, மரியாதை எல்லாம் கலந்தே அவர்களைப் படைக்கு அழைத்து வந்தன என்று எழுதினால் அது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகாது. உண்மையான மனிதர்களாகக் காட்டுவதாகும்.

மறைக்கக் கூடாத முரண்

இன்னொரு கேள்வியையும் மாணவர்கள் கேட்பார்கள். தமிழர்களை மரண ரயிலுக்கு இழுத்துப்போன ஜப்பானோடு சேர்ந்த படையில் தமிழ்ப் பெண்கள் எப்படிச் சேர்ந்தார்கள்? சிலர் இந்தக் கேள்வியையே தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்க வேண்டாம், தேதிகளை எடுத்து முன்னால் வையுங்கள்.

சயாம் பக்கத்திலிருந்தும் பர்மா பக்கத்திலிருந்தும் போட்டு வந்த தண்டவாளம் 1943 அக்டோபர் 17-இல் இணைந்தது. சிங்கப்பூரில் பெண்கள் முகாம் திறந்தது அக்டோபர் 22. இடையில் ஐந்தே நாள். 1944-இல் இந்தப் பெண்கள் பர்மாவுக்கு அனுப்பப்பட்டபோது அந்த ரயில் பாதை வழியாகத்தான் போனார்கள். தம் தோட்டத்து அப்பன்மாரும் அண்ணன்மாரும் செத்து விழுந்த பாதை அது. சிலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்ததே அந்த ரயில் பாதைக்கு ஆள் பிடிப்பதிலிருந்து தப்பிக்கத்தான் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வெள்ளைக்காரனை விரட்ட ஜப்பான் உதவும் என்று போஸ் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின் விலையில் ஒரு பங்கைத் தோட்டத் தமிழர்கள் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதத் தெரிந்த மாணவர்தான் வரலாறு எழுதத் தெரிந்தவர்.

பர்மாவும் பின்வாங்கலும்

1944 மார்ச்சில் இம்பால் போர் தொடங்கியது. ஜான்சி ராணிப் படையின் ஒரு பகுதி ரங்கூனுக்கும், அங்கிருந்து மேமியோவுக்கும் நகர்ந்தது. இம்பாலைப் பிடித்தால் இந்திய மண்ணில் முதலில் நுழைவோரில் பெண்களும் இருக்க வேண்டும் என்பது திட்டம். அது நடக்கவில்லை. மழைக்காலம் வந்தது, உணவு தீர்ந்தது, நோய் பரவியது, ஜூலையில் படை பின்வாங்கியது. போர்முனையில் சுடப் பயிற்சி பெற்ற பெண்கள், மருத்துவமனையில் காயம்பட்டோரையும் மலேரியா கண்டோரையும் கவனித்தார்கள். அவர்கள் நேரடிச் சண்டையில் இறங்கி வென்றதாகச் சில கட்டுரைகளில் படிக்கிறோம். அது மிகைப்படுத்தல். நடந்ததைச் சொன்னாலே அவர்களுக்குப் பெருமை குறையாது.

ஜானகியின் உண்மையான சோதனை தோல்வியின்போதுதான் வந்தது. 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கியது. பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் நான் கிளம்பமாட்டேன் என்று போஸ் பிடிவாதமாக இருந்தார். ஏப்ரல் 24-இல் அவரும் படைப்பெண்களும் ரங்கூனை விட்டுப் புறப்பட்டார்கள். டாக்டர் லட்சுமி பர்மாவிலேயே தங்கிவிட, பின்னர் பிரிட்டிஷார் அவரைக் கைது செய்தார்கள். புறப்பட்ட பெண்களுக்கு இருபது வயது ஜானகி பொறுப்பேற்றார். பகலில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து மரங்களுக்கிடையே பதுங்கல், இரவில் நடை. சிட்டாங் ஆற்றைக் கடந்தார்கள். கால் கொப்புளித்தும் போஸ் அவர்களோடு நடந்தே வந்தார். ஏறத்தாழ மூன்று வாரத்தில் பேங்காக் போய்ச் சேர்ந்தார்கள். வேறொரு குழு ரயிலில் திரும்பும்போது தாக்கப்பட்டதில் இரண்டு பெண்கள் உயிரிழந்தனர்.

நம் மாநிலத்துக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1945 ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் போஸ் சிரம்பானில் இருந்தார். ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தி அவருக்கு எட்டியது சிரம்பானில்தான். அங்கிருந்து சிங்கப்பூர் சென்றவர் ஆகஸ்டு 16-இல் விமானம் ஏறினார். 18-ஆம் நாள் தைப்பேயில் நடந்த விபத்தில் இறந்ததாகச் செய்தி வந்தது. நீலாயிலிருந்து சிரம்பான் அரை மணி நேரப் பயணம். ஆசியாவையே மாற்றிய ஒரு செய்தி வந்து சேர்ந்த ஊருக்குத்தான் நாம் சாமான் வாங்கப் போய் வருகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

காக்கிச் சட்டைக்குப் பிறகு

படை கலைந்தது. ஜானகி வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடவில்லை. போருக்குப் பின் இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழு மலாயா வந்தபோது அதில் சேர்ந்து சமூகநலப் பணி செய்தார். 1946-இல் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது அதை அமைக்க உதவியவர்களில் ஒருவரானார். பத்திரிகையாளராக இருந்து பின்னர் ம.இ.கா. தலைவர்களில் ஒருவராக விளங்கிய ஆதி நாகப்பனை மணந்தார். நாடாளுமன்ற மேலவையில் செனட்டராகப் பணியாற்றினார். இந்திய அரசு 2000-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014 மே 9-இல் கோலாலம்பூரில் காலமானார்.

படையிலிருந்து வந்த இன்னொருவரை ஆசிரியர்களாகிய நாம் மறக்கவே கூடாது. அவர் இராசம்மா பூபாலன். பதினாறு வயதில் தம் சகோதரியுடன் படையில் சேர்ந்தவர். போருக்குப் பின் பட்டம் பெற்று ஆசிரியரானார், கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராகவும் இருந்தார். 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தொழிற்சங்கம் அமைத்து, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். இன்று ஆசிரியைக்கும் ஆசிரியருக்கும் ஒரே சம்பளப் பட்டியல் இருப்பதற்குப் பின்னால் அந்தத் தலைமுறையின் உழைப்பு இருக்கிறது.

ஓர் ஒப்பீடும் உதவும். 1942-இல் பிரிட்டிஷ் இந்திய அரசும் பெண்கள் துணைப்படை ஒன்றை அமைத்தது. அதன் வேலை அலுவலகம், தொலைபேசி போன்ற துணைப்பணிகள். போஸின் படையோ பெண்ணுக்குத் துப்பாக்கியும் கட்டளையிடும் அதிகாரமும் கொடுத்தது. சுதந்திர இந்தியாவில் மருத்துவம், செவிலியர் பணி தவிர்த்த பிரிவுகளில் பெண்கள் இராணுவ அதிகாரிகளாகச் சேர 1992 வரை காத்திருந்தார்கள். ஆண்களைப் போல நிரந்தரப் பணி பெற 2020-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

மற்றவர்கள் எங்கே?

இப்போது முதலில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு வருவோம். படையில் ஆயிரம் பெண்கள் இருந்தார்கள் என்று பொதுவாக எழுதுவார்கள். உயிரோடு இருந்த முன்னாள் வீராங்கனைகளைத் தேடிப் பேட்டி கண்ட ஆய்வாளர் வீரா ஹில்டபிராண்ட் ஐந்நூறுக்கும் குறைவு என்கிறார். எந்தக் கணக்கை எடுத்தாலும் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் சிலரே. ஜானகி, இராசம்மா, டாக்டர் லட்சுமி. மூவருக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. மூவரும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்கள்.

முகாமில் எல்லாரும் ஒரே சோறு தின்றார்கள், ஒரே மண்ணில் தவழ்ந்தார்கள். ஆனால் அதிகாரி ஆனவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த நகரத்துப் பெண்கள். தோட்டத்துப் பெண்கள் பெரும்பாலும் சிப்பாய்களாகவே நின்றார்கள். வீரத்தில் குறைவு என்பதால் அல்ல, எழுத்து தெரியாததால். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நடத்தினார்கள். ஆனால் தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்பட்டவர்கள் யார்? பெண் பிள்ளைகள்தான்.

போர் முடிந்ததும் படை ஆவணங்கள் பல அழிக்கப்பட்டன. படித்தவர்கள் பேட்டி கொடுத்தார்கள், நினைவுகளை எழுதினார்கள், சங்கம் வைத்தார்கள். துப்பாக்கி பிடித்த தோட்டத்துப் பெண் பழையபடி பால்மரம் வெட்டப் போனாள். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. வெள்ளைக்காரன் திரும்பி வந்த காலம் ஆகையால் பலர் வாயைத் திறக்கவே இல்லை.

ஆக, ஜானகியின் வாழ்க்கை துணிச்சலுக்கு மட்டும் சான்று அல்ல. ஒரே படையில் ஒரே துணிச்சலோடு நின்றவர்களில் யார் பெயர் மிஞ்சும் என்பதைப் படிப்பு தீர்மானித்தது என்பதற்கும் சான்று. பெண் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடும் அபாயம் நம் வட்டாரத்தில் இன்றும் முழுதாக ஒழியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பும் பல்கலைக்கழகங்களும் வந்தன. பக்கத்துச் சிப்பாங்கில் 1998-இல் விமான நிலையமும் வந்தது. தோட்டத்தை விட்டு வந்த எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பல்கலைக்கழக வாசலுக்குள் போய்விட்டார்களா? இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் மனத்தில் அந்தக் கேள்வி இருந்தாக வேண்டும்.

வகுப்பறைக்கு

1. 1943 ஜூலை முதல் 1945 ஆகஸ்டு வரையிலான நிகழ்வுகளைக் காலவரிசைக் கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மரண ரயில் பாதை நிறைவையும் அதே கோட்டில் சேர்க்கட்டும்.

2. தோட்டத்துப் பெண்கள் படையில் சேர்ந்ததற்கான காரணங்களை ஒரு பத்தியில் எழுதுக. குறைந்தது மூன்று காரணங்கள் வேண்டும். எது முதன்மை என்று மாணவர் தம் கருத்தைக் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

3. ஜானகி, இராசம்மா இருவரின் பிற்கால வாழ்க்கையை ஒப்பிடுக. படைப்பயிற்சி இருவருக்கும் எவ்வகையில் உதவியிருக்கும்?

4. வீட்டுப்பாடம்: பாட்டியின் அம்மா பெயர், அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், பள்ளிக்குப் போனாரா என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். படையில் இருந்தவராக இருக்க வேண்டியதில்லை. பெயர் ஒரு நோட்டில் ஏறினால் போதும். பல குடும்பங்களில் அந்தப் பெயரை எழுதும் முதல் ஆள் நம் மாணவராகவே இருப்பார்.